வளரும் பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுப்பது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் கேள்வி கேட்பார்கள். பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வளரும் பருவத்துக் கதை என்றால் எப்படிப்பட்ட கதை?

முதல் பக்கத்தில் பார்த்த பிள்ளை கடைசிப் பக்கத்தில் அதே பிள்ளையாக இருக்காது. நடுவில் ஏதோ ஒன்றை இழந்திருக்கும், அல்லது பெரியவர்கள் மறைத்து வைத்திருந்த ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து அதுதான் அடையாளம்.

ஆர். கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' 1935இல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கிரிக்கெட், பரீட்சை, வாத்தியார் அடி என்று சிரிக்கச் சிரிக்கப் போகும் கதை. கடைசியில் சுவாமியின் உயிர் நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போகிறான். இருவருக்கும் நடுவில் சண்டை, பேச்சில்லை. சுவாமி ஸ்டேஷனுக்கு ஓடுகிறான், கையில் ஆண்டர்சன் தேவதைக் கதைப் புத்தகம். ரயில் நகரும்போதுதான் அதை ராஜத்திடம் சேர்க்க முடிகிறது. ராஜம் மன்னித்தானா இல்லையா? கதை சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைகள் இந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிட்டானா, சொல்லுங்க" என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன். பதில் கிடைக்காத கேள்வியோடு வீட்டுக்குப் போவதும் வளர்வதில் ஒரு பகுதி.

எந்த வயதில் எந்தப் புத்தகம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

தோராயமாக மட்டும் சொல்லலாம். அட்டையில் அச்சடித்திருக்கும் வயதை நம்பி வாங்க வேண்டாம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி பாட்டியின் சாவைப் பார்த்திருப்பாள், இன்னொருத்தி வீட்டில் அப்படி எதுவும் நடந்திருக்காது. இருவருக்கும் ஒரே கதை ஒரே மாதிரி இறங்காது.

எனக்கு உதவுகிற வழி ஒன்று உண்டு. கதையின் நாயகனோ நாயகியோ உங்கள் பிள்ளையைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கட்டும். பிள்ளைகள் தங்களைவிடச் சின்னவர்களைப் பற்றிப் படிக்க விரும்புவதில்லை. அடுத்து வரப்போவது என்ன என்று எட்டிப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.

மகள் இன்னும் பெரியவளாகவில்லை. மாதவிடாய் பற்றிய புத்தகத்தை இப்போதே கொடுக்கலாமா?

கொடுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

பெண் குழந்தைகளின் உடலில் மாற்றங்கள் எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் தொடங்குகின்றன. முதல் மாதவிடாய் பெரும்பாலும் பன்னிரண்டை ஒட்டி வருகிறது, ஒன்பது பத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஒன்பது வயதில் கொடுத்தால் அது சீக்கிரம் ஆகாது.

நம் ஊரில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளை வயதுக்கு வந்ததும் தாய்மாமனுக்குத் தகவல் போகிறது. பச்சை ஓலை வருகிறது, உளுந்தங்களி கிண்டுகிறார்கள், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறார்கள், மண்டபம் பிடிக்கிறார்கள், வாசலில் அவள் படத்தோடு ஃபிளெக்ஸ் பேனர் நிற்கிறது. ஊருக்கே செய்தி போய்விடுகிறது. ஆனால் இரத்தம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் வரும், ஏன் மாதாமாதம் வரும், நாப்கினை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அவளிடம் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். அரசுப் பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள், அது பெரிய உதவி. அதோடு விளக்கமும் போய்ச் சேர வேண்டும்.

புத்தகம் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள். உறுப்புகளுக்குச் சரியான பெயர் சொல்லியிருக்கிறதா? படம் தெளிவாக இருக்கிறதா? "தீட்டு", "அசுத்தம்" மாதிரியான பேச்சு எங்காவது நுழைந்திருக்கிறதா? மூன்றாவது இருந்தால் அந்தப் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். உடம்பைப் பற்றிய முதல் புத்தகமே அந்த உடம்பைக் கண்டு பிள்ளையைக் கூச வைத்தால் அது போவதற்குப் பல வருடம் ஆகும்.

வாங்கியதும் முதலில் நீங்கள் படியுங்கள். அம்மா மட்டும் படித்தால் போதாது, அப்பாவும் படிக்கட்டும். அம்மா ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருக்கப்போவது அவர்தான்.

பையனுக்கும் இப்படி ஏதாவது தேவையா? அவனே தெரிந்துகொள்வான் இல்லையா?

தெரிந்துகொள்வான், போனில். அதுதான் எனக்குக் கவலை.

பையன்களுக்கு ஒன்பதிலிருந்து பதினான்குக்குள் மாற்றங்கள் தொடங்குகின்றன. குரல் உடைகிறது, பரு வருகிறது, ஒரே வருடத்தில் கால்சட்டை குட்டையாகிவிடுகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறும்போது தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்துபோகும் பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் பேருந்து நிலையச் சுவர்களிலும் ரயில் பாதையோரங்களிலும் "வாலிப வயோதிக அன்பர்களே" என்று விளம்பரம் எழுதுகிறார்கள். இது இயல்பானது, உடம்பில் எதுவும் குறைந்துவிடாது என்று ஒரு நல்ல அறிவியல் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்லிவிடும்.

பெண்களின் உடல் பற்றிய புத்தகத்தையும் பையனிடம் கொடுங்கள். தங்கைக்கு வயிற்று வலி வரும்போது வெந்நீர் வைத்துத் தர அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒரு பெண்ணின் சீருடையில் கறை பட்டால் சிரிக்காமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தவறான தொடுதல் பற்றிக் கதையாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா?

இருக்கிறது. யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ஆம் ஆண்டுக்கான, சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற சிறார் நாவல். பேசும் மரப்பாச்சி பொம்மையும் ஒரு சிறுமியும்தான் கதையின் மையம். அந்தப் பொம்மையின் வழியாகத்தான் பாலியல் சீண்டல் என்னும் கனமான விஷயம் பிள்ளையிடம் வந்து சேர்கிறது. பயமுறுத்துவதற்காக எழுதப்பட்ட புத்தகம் இல்லை. ஒருவர் செய்வது பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லலாம், நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல்லலாம் என்பது கதையோடு சேர்ந்தே மனதில் பதிகிறது.

இப்படிப்பட்ட புத்தகத்தைக் கொடுத்தபின் ஒன்று நடக்கலாம். பிள்ளை உங்களிடம் வந்து ஏதாவது சொல்லலாம். அந்த நிமிடத்துக்குத் தயாராக இருங்கள். "அந்த அங்கிள் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. முழுவதும் கேளுங்கள், நம்புங்கள், "உன் மேல தப்பே இல்லை" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரத்திலும் அழைக்கலாம், பிள்ளையே கூட அழைக்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாரையும், ஆண் பிள்ளைகளையும் சேர்த்து, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாக்கிறது.

கதையில் யாராவது செத்துப்போனால் மகள் அழுகிறாள். இப்படிப்பட்ட கதைகளைத் தவிர்க்கலாமா?

வேண்டாம். அழட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' பல வீடுகளில் இருக்கிறது. ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயநாகி தன் சிறுவயதைப் பற்றி எழுதி 1981இல் வெளியிட்ட புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்தது. ஒரு பள்ளி டோட்டோவை வெளியேற்றிவிடுகிறது. பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருந்த டோமோயே பள்ளிக்கு அம்மா அழைத்துப் போகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாளே அந்தச் சின்னப் பெண் பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். ஆசிரியர் பயிற்சிகளில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள்.

பிள்ளைகள் தங்கி நிற்கும் இடம் வேறு. யாசுவாகி-சான் என்ற பையனுக்கு இளம்பிள்ளை வாதம், மரம் ஏற முடியாது. தன் மரத்துக்கு அவனை விருந்தாளியாக அழைக்கிறாள் டோட்டோ. வீட்டுக்குத் தெரியாமல் இருவரும் வருகிறார்கள். வேலையாள் கொட்டகையிலிருந்து அவளே ஏணியை இழுத்து வருகிறாள். அவனால் ஏற முடியவில்லை. மறுபடி ஓடிப்போய் மடக்கு ஏணியைக் கொண்டுவருகிறாள். தலையால் முட்டிக் கொடுத்து, பிடித்து இழுத்து, வியர்த்து ஒழுக ஒழுக அவனை மேலே சேர்க்கிறாள். அவன் பார்க்கும் முதல் மரத்து உச்சி அது. பிறகு பல அத்தியாயங்கள் கழித்து அந்தப் பையன் இறந்துபோகிறான். அவன் படிக்கக் கொடுத்த புத்தகம் இன்னும் அவளிடம் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மீதியைக் கொடுத்தால் மரம் ஏறிய மகிழ்ச்சிக்கும் மதிப்பில்லாமல் போகும். நம் பிள்ளைகள் சாவைப் பார்க்காமலா வளர்கிறார்கள்? கொரோனா காலத்தில் தாத்தாவையும் பாட்டியையும் பறிகொடுத்து, முகம் கூடப் பார்க்க முடியாமல் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அழ ஓர் இடம் வேண்டும். கதை அந்த இடத்தைத் தருகிறது.

பதின்மூன்று வயதுக்கு மேல் தமிழில் எதுவும் இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. சிறார் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று முழு ஈடுபாட்டோடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் முறையே எழுதிய 'ஆதனின் பொம்மை', 'தன்வியின் பிறந்தநாள்', 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகியவை 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவை. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்களை மனதில் வைத்தே எழுதப்படும் நாவல்கள் குறைவுதான். எட்டாம் வகுப்பு வரை சிறார் கதை, அதற்கப்புறம் நேராகப் பெரியவர்கள் அலமாரி. நடுவில் ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட நான் கையில் எடுப்பது பெரியவர்கள் அலமாரியில் இருக்கும், ஆனால் சிறுவர்களை நடுவில் நிறுத்திய கதைகளை. தமிழில் இது பெரிய செல்வம். பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

முதலில் கி. ராஜநாராயணன். கரிசல் காட்டுப் பறவைகளும் முட்டைகளும் நிறைந்த 'பிஞ்சுகள்' என்ற குறுநாவலைப் பன்னிரண்டு வயதிலேயே கொடுக்கலாம். 'கதவு' சிறுகதை சில பக்கங்கள்தான். ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு, டிக்கெட் கொடுத்து பஸ் விளையாட்டு மாதிரி ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று நுழைகிறது, கைக்குழந்தை போய்விடுகிறது. ஒரு நாள் சாவடிக்குப் பின்னால் கரையான் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். வறுமை என்றால் என்னவென்று பாடப்புத்தகம் பத்து வருடத்தில் சொல்லாததை இந்தக் கதை ஒரே மாலையில் சொல்லிவிடும். வாசிப்பு வட்டத்தில் இதைச் சத்தமாக வாசித்தால் முடிந்தபின் கொஞ்ச நேரம் ஒருவரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது ஒரு பிள்ளை, தன் வீட்டில் கடன்காரர் வந்து நின்ற நாளைப் பற்றித் தானாகச் சொல்லத் தொடங்கும்.

பதினைந்து வயது ஆனபின் பூமணியின் 'வெக்கை' (1982). அதில் வரும் சிதம்பரத்துக்கும் பதினைந்துதான். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போகிறான், உயிரே போய்விடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். 2019இல் வந்த 'அசுரன்' படம் இதிலிருந்து எடுக்கப்பட்டது. படம் பார்த்த பையன்கள் சண்டையை எதிர்பார்த்து நாவலை எடுப்பார்கள். நாவலில் அவர்களுக்குக் கிடைப்பது சோறு பொங்குவது, தண்ணீர் தேடுவது, ராத்திரியில் அப்பன் மகனிடம் பழைய கதை சொல்வது. தந்தையும் மகனும் இத்தனை நெருக்கமாகப் பேசிக்கொள்ளும் நாவல் வேறு எனக்குத் தோன்றவில்லை. அப்பாவிடம் நாலு வார்த்தை பேசாத பையன்களுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) கொங்குப் பகுதியில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பையன்களின் உலகம். பனங்காய், கிணற்றில் நீச்சல், ஆடுகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவது என்று விளையாட்டும், கூடவே சாதியும் அடிமைத்தனமும். இதையும் பதினைந்துக்கு மேல்தான் கொடுக்கலாம். முடிவு கனமானது, அதனால் நீங்கள் முன்னாலேயே படித்திருக்க வேண்டும்.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) பதினாறு, பதினேழு வயதுக்கு. நிஜாம் ஆட்சி முடியும் காலத்துச் செகந்திராபாத், ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட் ஆடும் சந்திரசேகரன் என்ற மாணவன். கலவரம் மெதுவாக அவனைச் சுற்றி வளைக்கிறது. கடைசிப் பக்கங்களில், கலவரத்துக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு சின்னப் பெண் தன் வீட்டாரைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே அவன்முன் கொடுக்க வருகிறாள். அவன் நிலைகுலைந்து ஓடுகிறான். அவனுடைய சிறுவயது அந்த வீட்டில் முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகள் எந்தப் பரீட்சைத் தாளிலும் வராதவை.

பாமாவின் 'கருக்கு' (1992) பெண் பிள்ளைகளுக்கு மட்டுமென்று ஒதுக்கிவிடாதீர்கள். தன் சாதியை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று ஒரு சிறுமி தெருவில் நடந்து வரும்போது கண்டுகொள்ளும் இடம் அதில் உண்டு. எழுதியிருப்பது அந்த மக்கள் பேசும் தமிழிலேயே. படித்துப் படித்து மேலே வர வேண்டும் என்று அண்ணன் அவளுக்குச் சொல்வதும் அதில்தான் வருகிறது.

இவ்வளவு சாதியும் வன்முறையும் பிள்ளைகளுக்குத் தேவைதானா?

கேட்பவரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் சாதியைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறம் பள்ளிக்கூடத்தில் பிரச்சினையாகிற ஊர்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அதைப் பற்றிப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பது தெருமுனைப் பேச்சும் ஸ்டேட்டஸ் வீடியோவும். அங்கே பெருமை மட்டும்தான் கிடைக்கும். அடிபட்டவர் பக்கம் நின்று பார்க்கக் கதைதான் கற்றுக்கொடுக்கிறது.

பெற்றோர் புத்தகத்தைக் கத்தரிப்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நினைவுக்கு வருகிறாள். 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பேடு. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்து வாழப் போகிறாள். 1944 ஆகஸ்ட் வரை எழுதுகிறாள். பிடிபட்ட குடும்பத்தில் நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர் அவளுடைய அப்பா மட்டும்தான். 1947இல் நாட்குறிப்பை வெளியிட்டபோது, அவள் தன் உடலைப் பற்றி எழுதிய சில பகுதிகளையும் அம்மாவைப் பற்றிக் கடுமையாக எழுதிய சில பகுதிகளையும் நீக்கினார். மகளையும் மனைவியையும் இழந்த ஒரு மனிதர் அப்படிச் செய்ததில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல வருடம் கழித்து அந்தப் பகுதிகள் சேர்ந்து முழுப் பதிப்பு வந்தபின்தான் அவள் முழுப் பெண்ணாகத் தெரிகிறாள். அம்மாவிடம் கோபப்படுகிற, தன் உடம்பை ஆச்சரியத்தோடு பார்க்கிற, நம் வீட்டுப் பிள்ளை மாதிரியே ஒருத்தி. தமிழிலும் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சுருக்கப் பதிப்பைத் தவிர்த்து முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மகன் காதல் கதைகளாகப் படிக்கிறான். தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம். கூடவே நல்ல காதல் கதைகளையும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். "நோ" என்று ஒரு பெண் சொன்னால் அதோடு விட்டுவிடும் நாயகன் இருக்கிற கதையாகப் பாருங்கள். விரட்டி விரட்டிக் காதலிக்கும் நாயகர்களை அவன் திரையில் போதுமான அளவு பார்த்துவிட்டான்.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. ஆங்கில மீடியம். என்ன செய்வது?

இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு வாரம் கூடுகிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் இல்லை.

நீங்கள் படித்துக் காட்டுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டலாமா என்று தயங்காதீர்கள். கரண்ட் போன ராத்திரியோ, ஊருக்குப் போகும் ரயிலோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடமோ போதும். பேச்சு நிறைய வரும் கதைகளாக எடுங்கள். கி.ரா.வையும் பூமணியையும் கண்ணால் படிக்கும்போது கடினமாகத் தெரியும். காதால் கேட்டால் அது அம்மாச்சி வீட்டில் கேட்ட தமிழ்தான். இரண்டு அத்தியாயம் நீங்கள் படித்து, சுவையான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். மூன்றாவது அத்தியாயத்தை எழுத்துக்கூட்டியாவது பிள்ளை தானே படிக்கும்.

பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. வயது பெரியதாக இருந்தாலும் 'நுழை'யிலிருந்து தொடங்கலாம், வெட்கப்பட எதுவும் இல்லை. தம்பிக்கோ தங்கைக்கோ படித்துக் காட்டு என்று சொல்லிக் கொடுத்தால் அந்தக் கூச்சமும் போய்விடும்.

படித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று கேட்கலாமா?

கேட்காதீர்கள். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்ட உடனே வீடு பள்ளிக்கூடமாகிவிடும். வளரும் பருவத்துக் கதையைப் படிக்கும் பிள்ளை அதில் தன்னைப் பார்த்திருக்கும். அதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

நீங்களும் அதே புத்தகத்தைப் படித்திருந்தால் பேச்சு தானாக வரும். "எனக்கு அந்த மரம் ஏறுற இடம் ரொம்பப் பிடிச்சுதுடி" என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்லுங்கள். அவளுக்குப் பேசத் தோன்றினால் பேசுவாள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, நீங்கள் மறந்தே போனபிறகு, வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பாள். முகம் பார்க்காமல் பேசும் இடங்களில்தான் பெரிய கேள்விகள் வருகின்றன. அதனால் அந்தச் சமயத்தில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள்.

தன்னம்பிக்கைப் புத்தகங்கள், சாதனையாளர் வரலாறுகள் போதாதா?

சாதனையாளர் வரலாறு படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதில் வரும் தோல்வி எல்லாம் கடைசியில் வரப்போகும் வெற்றிக்கு முன்னுரை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் உடனடி ஆறுதல் கிடைக்காது. தன்னைப் போலவே தோற்று, வெட்கப்பட்டு, மறுநாள் காலையும் எழுந்து பல் தேய்த்த ஒரு பையனின் கதை கிடைக்கும்.

பள்ளியில் அடி வாங்கியே அறிவு அணைந்துபோகும் ஒரு சிறுமியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' கதையை இங்கே சொல்ல வேண்டும். கேள்வி கேட்டதற்காக அடிக்கப்படும் பெண். அடி வலிக்காமல் இருக்க மருந்து கண்டுபிடிக்கப் பார்த்து உயிரையே விடுகிறாள். ஆசிரியர்களிடையே கைக்குக் கை மாறிய சிறு நூல். இதைப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், சேர்ந்து படியுங்கள். ஏற்கெனவே மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை என்றால் இப்போது வேண்டாம், தள்ளி வையுங்கள்.

புத்தகம் வாங்க வசதி இல்லை. எங்கே கிடைக்கும்?

பொது நூலகச் சட்டத்தைச் சுதந்திர இந்தியாவில் முதலில், 1948இல், கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். அதன் பலனாகக் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இல்லாத வட்டாரம் அநேகமாக இல்லை. உறுப்பினர் கட்டணம் மிகக் குறைவு. கேட்கும் புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் இருந்தால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே பெரிய பகுதி உண்டு. ஒரு நாள் முழுக்க விட்டுவிடலாம்.

வாங்க முடிகிறவர்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளையோடு போங்கள். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளும் நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களும் விலை குறைவு. பிள்ளை கையில் ஒரு தொகையைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு நீங்கள் டெல்லி அப்பளக் கடைப் பக்கம் போய்விடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்த பத்துப் புத்தகத்தைவிட அது தானே எடுத்த ஒன்றை முதலில் முடிக்கும்.

பாதியில் நிறுத்திவிட்டாள். கட்டாயப்படுத்தி முடிக்க வைக்கலாமா?

கூடாது. புத்தகம் இப்போது அவளுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள். சொந்தப் புத்தகமாக இருந்தால் அலமாரியில் கண் மட்டத்தில் வையுங்கள், பெட்டிக்குள் போட வேண்டாம். எதுவரை படித்தாள் என்று காட்டும் அட்டையையும் எடுத்துவிடாதீர்கள்.